கறுவா விளையாத கரையில்: 1626ஐ ஒரு மரத்தின் வழியாகப் பார்த்தல்

கிழக்கு முஸ்லிம்களின் வரலாறு என்று பேச்சை எடுத்தால் நம்மவர் வாயில் முதலில் வருகிற ஆண்டு 1626. போர்த்துக்கேயர் மேற்குக் கரையிலிருந்து முஸ்லிம்களை விரட்டினார்கள், கண்டி அரசன் செனரத் அவர்களை ஏற்றுக்கொண்டு 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று சொல்கிறோம். கூட்டங்களில் இதைப் பேசுகிறோம், விழா மலர்களில் எழுதுகிறோம், வகுப்பிலும் படிப்பிக்கிறோம். ஏன் விரட்டினார்கள் என்று யாராவது திருப்பிக் கேட்டால், "நாம முஸ்லிம் எண்டபடியால" என்ற ஒரு பதிலோடு பெரும்பாலும் நிறுத்திவிடுகிறோம்.

மதப்பகை இருந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் 1505இல் வந்த போர்த்துக்கேயர் 1626 வரை ஏன் காத்திருந்தார்கள்? நூற்றிருபது ஆண்டுகள் அதே மதப்பகையோடுதானே நம் முன்னோருக்குப் பக்கத்தில் இருந்தார்கள்? இந்தக் கேள்விக்கு மதம் மட்டும் பதிலாகாது. மற்றப் பாதிப் பதில் ஒரு மரத்தின் பட்டையில் இருக்கிறது. கறுவாப்பட்டையைத்தான் சொல்கிறேன். நமது குடியேற்ற வரலாற்றை அந்த மரத்தின் பக்கம் நின்று பார்த்தால் சில விடயங்கள் தெளிவாகின்றன, நாம் வழக்கமாகச் சொல்லிவருகிற சிலவற்றைத் திருத்திச் சொல்லவேண்டியும் வருகிறது.

மரமும் அதன் சொந்தக்காரரும்

கறுவா ஒரு பசுமை மாறாத மரம். தமிழகத்தார் இலவங்கப்பட்டை என்பதை நாம் கறுவாப்பட்டை என்கிறோம், சிங்களத்தில் குருந்து. தாவரவியலார் இதைச் சின்னமோமம் என்ற பேரினத்தில் வைக்கிறார்கள். அந்தப் பேரினம் லோரேசியே என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் சீனி போட்டுக் கரைத்துக் குடிக்கிற பட்டர் புரூட்டும் அதே குடும்பந்தான். கர்ப்பூர மரமும் அதே குடும்பம், நெடுங்காலம் சின்னமோமப் பேரினத்திலேயே அதையும் வைத்திருந்தார்கள். இந்த உறவு வெறும் ஏட்டு உறவல்ல. கறுவா மரத்தின் பட்டையில் ஒரு வாசனை, இலையில் கராம்பைப் போன்ற ஒரு வாசனை, வேர்ப்பட்டையில் கர்ப்பூர வாசனை என்று ஒரே மரம் மூன்று மணம் தரும்.

கர்ப்பூரம் என்றதும் நமக்கு ஸூரத்துல் இன்ஸானின் ஐந்தாவது வசனத்தில் வருகிற காஃபூர் நினைவுக்கு வரும். ஜனாஸாவைக் குளிப்பாட்டும்போது கடைசித் தண்ணீரில் கர்ப்பூரம் சேர்க்கிற வழக்கமும் நினைவுக்கு வரும். ஆனால் அறபிகள் பழங்காலத்தில் உயர்வாக மதித்த காஃபூர், சுமாத்திராவின் பரூஸ் பகுதிக் காடுகளில் வளர்கிற வேறொரு குடும்பத்து மரத்திலிருந்து வந்தது. பெயரும் மணமும் ஒன்றாக இருந்தால் மரமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்றில்லை. கறுவாவிலும் இதே சிக்கல் உண்டு. பாரசீகர் அதைத் தார்ச்சீனி, அதாவது சீன மரம், என்றார்கள். அறபியில் அது தாரஸீனி ஆனது. இப்னு ஸீனா தனது அல்கானூன் மருத்துவ நூலில் இந்தப் பெயரில்தான் அதைப் பேசுகிறார். சீனத்திலிருந்து வந்த தடித்த பட்டையும் இலங்கையின் மெல்லிய பட்டையும் ஒரே பேரினத்தின் வேறுவேறு மரங்கள். இலங்கையினதே உண்மைக் கறுவா என்று உலகம் பின்னர் பிரித்தறிந்தது. அறபியில் இன்னொரு சொல்லும் உண்டு, கிர்ஃபா. அதற்குப் பட்டை என்று பொருள். கிர்ஃபா, கறுவா என்று ஒலி நெருங்குவதை வைத்துச் சிலர் உறவு சொல்வதுண்டு. ஒலி நெருக்கம் ஒன்றே ஆதாரமாகாது என்பதால் அதை அந்தளவில் விடுகிறேன்.

கறுவாவுக்கு ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்கிற மழை வேண்டும். காலி, மாத்தறை, களுத்துறை, இரத்தினபுரி என்று தென்மேற்கின் ஈரமான தாழ்நிலம் அதற்கு ஏற்றது. நீர்கொழும்பிலிருந்து மாத்தறை வரையான கரையை ஒட்டிய காடுகளில் அது பழங்காலத்தில் தானாகவே வளர்ந்தது. கல்முனைக் கரை அப்படியல்ல. நமக்கு மழை ஐப்பசியில் தொடங்கித் தையில் முடிந்துவிடும், பிறகு நீண்ட காய்ச்சல். நெல்லுக்கும் தென்னைக்கும் சரி, கறுவாவுக்குச் சரிவராது. ஒருமுறை 1626 பற்றி வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "சேர், கறுவாக்காக நம்மள விரட்டினாங்க எண்டா, நம்மட ஊர்ல ஏன் ஒரு கறுவாத் தோட்டமும் இல்ல?" நல்ல கேள்வி. பதிலும் அதிலேயே இருக்கிறது. கறுவா இருந்த இடத்தில் நம்மவர் இருக்கக்கூடாது என்பதுதானே விரட்டியவர்களின் நோக்கம்? அது இல்லாத இடத்தில் வாழ்வதுதான் அந்த விரட்டலின் மிச்சம்.

பறவைக் கூட்டிலிருந்து புத்தளம் வரை

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஒரு கதை எழுதினார். அறபு நாட்டில் பெரிய பறவைகள் கறுவாக் குச்சிகளால் மலையுச்சியில் கூடு கட்டுமாம். அறபிகள் கனமான இறைச்சித் துண்டுகளைக் கீழே போட்டுவைக்க, பறவைகள் அவற்றைத் தூக்கிக்கொண்டுபோய்க் கூட்டில் வைக்க, பாரம் தாங்காமல் கூடு விழுமாம், கறுவா கிடைக்குமாம். கி.பி. 1ஆம் நூற்றாண்டில் உரோமர் பிளினி இது விலையை ஏற்றுவதற்குக் கட்டிய கதை என்று எழுதிவிட்டார். அந்தக் காலத்துக் கறுவா எந்த நாட்டு மரத்தினது என்பது வேறு விவாதம். இங்கு நமக்கு வேண்டியது ஒன்றுதான்: மேற்கு உலகத்துக்குக் கறுவா அறபிகளின் கை வழியாகவே போய்ச்சேர்ந்தது, அது எங்கிருந்து வருகிறது என்பது வாங்குபவனுக்குத் தெரியாமலிருந்தது.

இலங்கைக் கறுவா பற்றிய பேச்சு 13ஆம் நூற்றாண்டில் தெளிவாகக் கேட்கிறது. 1283இல் யாப்பகூவையிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு, எகிப்தின் மம்லூக் ஸுல்தான் கலாவூனிடம் தூது அனுப்பினான். முத்து, மாணிக்கம், யானை ஆகியவற்றோடு கறுவாவும் தன்னிடம் உண்டு என்று சொல்லி நேரடி வணிகம் கேட்டான். ஒரு பௌத்த அரசன் கெய்ரோவுக்கு ஆள் அனுப்பி வணிகத்துக்கு அழைத்த அந்தச் செய்தியை அறபு வரலாற்றாசிரியர்களே பதிந்துவைத்திருக்கிறார்கள்.

1344இல் இப்னு பதூதா இலங்கையில் இறங்கினார். அவர் இறங்கிய புத்தளக் கரையில் கண்ட காட்சி அவரது பயண நூலில் இருக்கிறது. ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டுவந்த கறுவாக் கட்டைகள் கரையில் குவியல் குவியலாகக் கிடந்தனவாம். மஃபர், மலபார் நாட்டவர் வந்து விலை கொடுக்காமலே எடுத்துப்போனார்களாம், அதற்குப் பதிலாக அரசனுக்குத் துணிமணி போன்ற அன்பளிப்புக் கொடுப்பார்களாம். அந்த அரசன் ஆரியச் சக்கரவர்த்தி. அவனுக்குப் பாரசீக மொழி விளங்கியது என்றும் எழுதுகிறார். தமிழ்க் கரையையும் மலபாரையும் சேர்ந்த கப்பல்காரர், தமிழ் பேசுகிற துறைமுகம், பாரசீகம் விளங்குகிற அரசன், மொறோக்கோவிலிருந்து வந்த ஒரு காழி என்று எல்லோரும் ஒரே கரையில் சந்தித்துக்கொண்ட உலகம் அது. கறுவாவுக்கு அன்று காவல் இல்லை, தனியுரிமை இல்லை. கொடுக்கல் வாங்கல் மட்டும் இருந்தது.

பட்டைக்கு வந்த பூட்டு

இந்த உலகத்துக்குள்தான் போர்த்துக்கேயர் நுழைந்தார்கள். லோரன்ஸோ த அல்மேதா 1505இல் இலங்கைக் கரையை அடைந்த கதை பாடநூல் படித்த எல்லோருக்கும் தெரியும். புயல் அடித்துத் தற்செயலாக வந்தார் என்பார்கள். அவர் எதற்காகக் கடலில் நின்றார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மலபார்க் கரையில் போர்த்துக்கேயர் மறித்து நின்றதால் முஸ்லிம் கப்பல்கள் மாலைதீவு வழியாகச் சுற்றிப்போகத் தொடங்கியிருந்தன. அவற்றைத் தேடிப் பிடிக்கத்தான் அல்மேதா அனுப்பப்பட்டார். ஆக இலங்கைக்கு அவர்கள் வந்த முதல் வருகையே நமது கப்பல்களைத் துரத்திக்கொண்டு வந்த வருகை.

1518இல் கொழும்பில் கோட்டை எழும்பியது. கோட்டை இராச்சியத்து அரசன் ஆண்டுதோறும் 300 பகார் கறுவாவும் 12 மாணிக்க மோதிரங்களும் 6 யானைகளும் திறையாகக் கொடுக்க ஒப்பவேண்டி வந்தது. பகார் என்பது அக்காலக் கப்பல் வணிகத்தின் பெரிய நிறை அளவு. திறைப் பட்டியலில் கறுவா முதலில் நிற்பதைக் கவனிக்கவேண்டும். 1526இல் கோட்டை அரசனை நெருக்கி முஸ்லிம் வணிகரை வெளியேற்றக் கேட்டார்கள். முஸ்லிம் தரப்பு சும்மா இருக்கவில்லை. சீதாவாக்கையின் மாயாதுன்னை கள்ளிக்கோட்டைச் சாமூத்திரியிடம் உதவி கேட்டான், மரைக்காயர்களின் கப்பற்படை வந்தது. 1538இல் இராமநாதபுரம் கரையிலுள்ள வேதாளையில் பட்டு மரைக்காயரின் படையைப் போர்த்துக்கேயர் முறியடித்தார்கள். நமக்கும் அந்தக் கரைக்கும் இடையில் ஒரு பாக்குநீரிணைதான். வேதாளைத் தோல்விக்குப் பிறகு இந்தக் கடலில் முஸ்லிம்களுக்குக் கப்பற்பலம் என்று சொல்ல அதிகம் மிஞ்சவில்லை.

அப்படியிருந்தும் முஸ்லிம்கள் மேற்குக் கரையில் தொடர்ந்து இருந்தார்கள். காரணம் எளிது. துணி கொண்டுவர, பாக்குக் கொண்டுபோக, உள்நாட்டுக் கிராமத்தவனோடு பேசி விலை முடிக்க, கடன் கொடுக்கத் தெரிந்தவர்கள் இவர்கள்தான். போர்த்துக்கேய அதிகாரிகள் பலருக்கே இவர்களோடு கொடுக்கல் வாங்கல் இருந்தது.

1597இல் தர்மபாலன் இறக்கக் கோட்டை இராச்சியம் போர்த்துக்கல் முடியின் நேரடிச் சொத்தானது. 1614இல் கறுவா வணிகம் அரச தனியுரிமையானது. இந்த இரண்டாவது ஆண்டைத்தான் நாம் 1626க்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும். அதுவரை முஸ்லிம் வணிகன் ஒரு போட்டியாளன். தனியுரிமை வந்த பிறகு அவன் கையிலிருக்கிற ஒவ்வொரு கட்டுக் கறுவாவும் கள்ளக் கடத்தல். தொழில் மாறவில்லை, ஆள் மாறவில்லை, சட்டம் மாறியதில் அவன் குற்றவாளியாகிவிட்டான். அந்தக் காலத்தில் போர்த்துக்கல்லும் ஸ்பானிய முடியின் கீழ் இருந்தது. ஸ்பெயினில் மொரிஸ்கோக்கள் என்று அழைக்கப்பட்ட, மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களை 1609 முதல் 1614 வரை கூட்டங்கூட்டமாக வெளியேற்றிய அதே முடி. மதப்பகையும் வணிகக் கணக்கும் ஓரிடத்தில் வந்து சேர்ந்தபோது, தளபதி கொன்ஸ்தந்தீனு த ஸா காலத்தில், 1626இல் வெளியேற்றம் நடந்தது.

செனரத்தின் கணக்கு

செனரத் மன்னன் செய்த உதவியை நன்றியோடு நினைக்கவேண்டும், நினைத்தும் வருகிறோம். நன்றியோடு சேர்த்து அவனது அரசியலையும் விளங்கிக்கொண்டால் அது நன்றிக்குக் குறைவல்ல. கண்டி மலைக்குள் அடைபட்ட இராச்சியம். மேற்குக் கரை முழுவதும் போர்த்துக்கேயர் கையில். உப்பு, கருவாடு, துணி, வெடிமருந்து எல்லாம் வரவேண்டியது கிழக்கின் கொட்டியாரம், மட்டக்களப்பு ஆகிய துறைகளால். இந்த வழி எவ்வளவு முக்கியம் என்பதற்கு முன்னொரு சான்று உண்டு. 1602 மே மாத இறுதியில் ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில்தான் வந்திறங்கினார். இங்கிருந்துதான் கண்டிக்குப் போய் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். அவர் தேடிவந்ததும் மிளகும் கறுவாவும்.

அப்படிப்பட்ட துறைக்குப் பின்னால் யாரைக் குடியிருத்துவது? கடலும் தெரிந்து, வயலும் தெரிந்து, வணிகமும் தெரிந்து, போர்த்துக்கேயரோடு ஒருபோதும் சேரமாட்டார் என்று நம்பக்கூடிய ஒரு கூட்டம் கிடைத்தால் எந்த அரசன் வேண்டாமென்பான்? போர்த்துக்கேயரும் இதை விளங்கிக்கொண்டார்கள் போலும். 1624இல் திருகோணமலையில் கோட்டை கட்டியவர்கள், 1628இல் மட்டக்களப்புப் புளியந்தீவில் ஒரு கோட்டை கட்டினார்கள். கண்டியின் கடல்வழியை அடைப்பதே அதன் வேலை. அதைக் கட்டிய கொன்ஸ்தந்தீனு த ஸா 1630இல் ரந்தெனிவெலவில் கண்டிப் படையிடம் தோற்று உயிரிழந்தார்.

நம்மவர் கிழக்கில் எப்படிப் பிழைத்தார்கள் என்பதற்குத் தவளம் ஒரு சாட்சி. பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றி மலைக்குப் போய், பாக்கும் மிளகும் ஏற்றிக்கொண்டு இறங்குகிற அந்த வணிகத்தில் முஸ்லிம்கள் முன்னின்றார்கள். கப்பல் போன பிறகு மாடு வந்தது. கடலில் பறிபோன வணிகத்தை நிலத்தில் மீட்டார்கள்.

மட்டக்களப்பில் எழுதிய கறுவா ஒப்பந்தம்

கறுவா விளையாத நமது கரையில்தான் இலங்கைக் கறுவாவின் அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளின் தலைவிதியும் எழுதப்பட்டது. செனரத்தின் மகன் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரை அழைத்தான். 1638 மே 18இல் புளியந்தீவுக் கோட்டை விழுந்தது. ஐந்து நாள் கழித்து, மே 23இல், மட்டக்களப்பிலேயே ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஒல்லாந்தர் செய்யும் போர்ச் செலவைக் கறுவா, மிளகு முதலிய பொருட்களால் அரசன் கட்டுவது, வெளிநாட்டு வணிகம் ஒல்லாந்தருக்கே என்பது அதன் சாரம். பிடித்த கோட்டைகளில் அரசன் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தப் படை இருக்கலாம் என்ற சொற்றொடர் ஒரு பிரதியில் இருந்தது, ஒல்லாந்தப் பிரதியில் இல்லை. அந்த ஒரு வரி இல்லாமற்போனதில் இரு தரப்பும் காலமெல்லாம் சண்டை பிடித்தன. இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்களவர் இதை இன்றைக்கும் சொல்வார்கள்.

1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கையில் விழுந்தன. பூட்டு மாறவில்லை, திறப்பு மட்டும் கைமாறியது. அனுமதியின்றிக் கறுவா உரித்தாலோ கடத்தினாலோ மரண தண்டனை வரை போகலாம் என்று சட்டம் வைத்தார்கள். கறுவா உரிக்கும் சாலாகம சாதியாரின் மேல் பாரம் ஏறிக்கொண்டே போனது. விரட்டப்பட்டவன் பட்ட துன்பத்தை நாம் பேசுகிறோம். கறுவாக் காட்டை விட்டு விலகமுடியாதபடி கட்டிவைக்கப்பட்டவன் பட்ட துன்பத்தையும் அதோடு சேர்த்துப் பேசவேண்டும். முஸ்லிம்களுக்கு ஒல்லாந்தர் வைத்தது ஊழியம் என்ற கட்டாய வேலை.

1766இல் கண்டியோடு செய்த ஒப்பந்தத்தால் இலங்கையின் கரை முழுவதும் ஒல்லாந்தக் கம்பனிக்குப் போனது. நமது கரையும் அதில் போனது. ஏறத்தாழ அதே காலத்தில் ஆளுநர் ஃபால்க், காட்டுக் கறுவாவை நம்பியிராமல் கொழும்பு மருதானையில் அதைத் தோட்டமாக நடவைத்தார். கொழும்பு 7க்குக் கறுவாத்தோட்டம் என்ற பெயர் வந்தது கறுவாத் தோட்டங்கள் இருந்த அந்தக் காலத்தின் எச்சமாகவே. 1796இல் பிரித்தானியர் வந்தார்கள். 1833இல் கறுவாத் தனியுரிமை ஒழிந்தது. நம்மவரை மேற்கிலிருந்து வெளியேற்றிய அந்தப் பூட்டு இருநூற்றுப் பத்தொன்பது ஆண்டுகளின் பின் கழன்றது. அதற்குள் கிழக்கில் எத்தனையோ தலைமுறை பிறந்து, வயல் வெட்டி, பள்ளி கட்டி, மண்ணோடு மண்ணாகிவிட்டது.

4000 என்ற எண்ணை எப்படிப் படிப்பது?

இனி இந்தக் கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 4000 என்ற எண் நமக்குப் பெர்னாவோ த குயிரோஸ் பாதிரியார் எழுதிய நூலிலிருந்து வருகிறது. அவர் கோவாவில் இருந்து எழுதியவர், 1688இல் இறந்தவர். நிகழ்வுக்கும் எழுத்துக்கும் இடையில் அரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. ஆயிரக்கணக்கில் முழுசாகச் சொன்ன எண் அது, தலை எண்ணிப் பதிந்த கணக்கல்ல. பெருந்தொகையானவர் வந்தார்கள் என்பதற்கு அது நல்ல சான்று. அதற்கு மேல் அந்த எண்ணில் பாரம் ஏற்றக்கூடாது.

ஏற்றுகிறவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். ஒரு பக்கம், "நீங்க 1626ல வந்த அகதிகள்தானே, அரசன் தந்த இடந்தானே" என்று சொல்கிறவர்கள். மறு பக்கம், அரசனே தந்தான் என்பதை ஓர் உறுதிப் பத்திரம் போல் நீட்டுகிற நம்மவர்கள். இரண்டு பேச்சும் ஒரே பிழையான நம்பிக்கையில் நிற்கின்றன: கிழக்கு முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே ஆண்டில் ஒரே வழியால் வந்தவர்கள் என்ற நம்பிக்கை.

இதற்கு எதிரான சான்றைத் தேடி லிஸ்பனுக்கோ கோவாவுக்கோ போகவேண்டியதில்லை. அது நமது வீடுகளில் இருக்கிறது. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று இந்தக் கரை நெடுக நமக்குக் குடி உண்டு. குடி தாய்வழியில் வருகிறது. உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் இருந்த முறை நமது மூத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறான். வீடு மகளுக்குப் போகிறது. பேருவளையிலோ கொழும்பிலோ முஸ்லிம்களிடம் இந்தக் குடி முறை இல்லை. அது மட்டக்களப்பு மண்ணின் முறை. நம் அயலிலுள்ள முக்குவரிடமும் ஏனைய தமிழரிடமும் இருக்கிற தாய்வழி முறை.

மேற்கிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் மட்டும்தான் நமது முன்னோர் என்றால், தங்களிடம் இல்லாத ஒரு வம்ச முறையை அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள்? இந்த மண்ணின் பெண்களிடமிருந்துதான் எடுத்திருக்க முடியும். வந்தவர்களில் பலர் இங்குள்ள பெண்களை மணந்தார்கள், பிள்ளைகள் தாயின் குடியில் சேர்ந்தார்கள், அந்தக் குடி இன்றுவரை நிற்கிறது. அதனால்தான் "எப்ப வந்தீங்க?" என்ற கேள்வி நம்மில் பாதிக்குத்தான் பொருந்தும். நம் தாய்மார் வரவில்லை. அவர்கள் இங்கேயே இருந்தார்கள்.

நாம் யார் என்ற விவாதம் புதியதல்ல. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று ஒரு கட்டுரையில் வாதிட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு எழுதி அறபு வம்சத்தை வலியுறுத்தினார். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் தேவையா என்ற கேள்வி அந்த விவாதத்துக்குப் பின்னால் இருந்தது. இருவரும் தந்தை வழியைப் பற்றியே பேசினார்கள் என்பது என் எண்ணம். கிழக்கின் குடி முறை தாய்வழியையும் பேசச் சொல்கிறது. அதைப் பேசினால் அறபுத் தொடர்பும் குறையாது, தமிழ் மண்ணின் உறவும் மறையாது.

இன்னொரு காரணமும் உண்டு. விரட்டப்பட்ட கதை நமக்குப் பழங்கதையாக மட்டும் இருக்கவில்லை. 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, கையில் கொண்டுபோக முடிந்ததோடு பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்த இடம் புத்தளம். இப்னு பதூதா கறுவாக் குவியலைக் கண்ட அதே புத்தளம். அன்றும் அவர்களிடம் எப்போது வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, போகச் சொன்னார்கள். நெடுங்காலம் வாழ்ந்த ஆதாரம் மட்டும் ஒரு சமூகத்தைக் காப்பதில்லை என்பதை நாம் கண்ணால் கண்டோம். ஆனால் ஆதாரம் இல்லாத சமூகம் திரும்பிப் போய்த் தன் வீட்டு வாசலைக் காட்டவும் வழியில்லாமல் நிற்கும்.

இன்று

2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவுக்குப் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. இலங்கைப் பொருள் ஒன்றுக்கு அங்கு கிடைத்த முதற் குறியீடு அது. இலங்கையில் விளைந்து இங்குள்ள முறைப்படி பதப்படுத்தியது மட்டுமே அந்தப் பெயரில் விற்கப்படலாம். ஈராண்டு வளர்ந்த கொப்பை வெட்டி, மேற்தோலைச் சுரண்டி, பித்தளைக் கம்பியால் தேய்த்து, உள்பட்டையைக் கிழியாமல் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் குழலாக்கி நிழலில் உலர்த்துகிற கைவேலை அது. ஆறு மில்லிமீற்றருக்கும் மெல்லிய குழலை அல்பா என்பார்கள், அதுதான் உயர்ந்த தரம். தடித்த, ஒற்றைச் சுருளான பட்டை சீனத்து இனத்தது. அதில் கூமரின் என்ற பொருள் அதிகம், அளவு மீறினால் ஈரலுக்குக் கேடு. இலங்கைக் கறுவாவில் அது மிகக் கொஞ்சம். சந்தையில் வாங்கும்போது சுருளைப் பார்த்து வாங்குவது நல்லது.

ஒரு பட்டைக்கு அது எங்கே பிறந்தது, யார் கை பட்டது என்று எழுதிக் காப்பாற்ற ஒரு சட்டம் இருக்கிறது. நமது ஊர்களின் வரலாற்றுக்கு அப்படி எழுதிவைக்க வேண்டியவர்கள் நாம்தான். 2004 சுனாமியில் கல்முனைக்குடி முதல் மருதமுனை வரை கரையோர வீடுகளோடு எத்தனை பழைய உறுதிகளும் கலியாணப் பதிவுகளும் போயின என்பதை நினைத்தால் மிஞ்சியதன் அருமை தெரியும்.

இந்தச் சஞ்சிகையின் வாசகர்களிடம் கேட்பது இதுதான். உங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் பழைய கணக்குப் புத்தகங்கள் இருந்தால் நிருவாகிகளின் அனுமதியோடு படம் எடுத்துவையுங்கள். குடிப் பெயர்களை, எந்தக் குடிக்கு எந்த மரைக்காயர் இருந்தார் என்பதை, மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். குறிப்பாக உம்மம்மாமாரிடம் கேளுங்கள், குடிக்கதை அவர்களிடந்தான் இருக்கிறது. காணி உறுதிகளின் பழைய பிரதிகளை வீசாதீர்கள். தவளம் போன பாதைகளின் பெயர்களை, மாடு கட்டிய இடங்களின் பெயர்களைக் குறித்துவையுங்கள். நமது பல்கலைக்கழக மாணவர்கள் போர்த்துக்கேய, ஒல்லாந்த மொழிகளில் ஒன்றைக் கற்றுக்கொண்டு அந்நாட்டு ஆவணங்களுக்குள் போகவேண்டிய காலமும் வந்துவிட்டது. குயிரோஸ் சொன்ன ஒற்றை எண்ணுக்குப் பக்கத்தில் நாம் வைக்கக்கூடிய நம்முடைய எண்களும் பெயர்களும் அங்கிருந்தும் வரும், நமது வீட்டுப் பெட்டகங்களிலிருந்தும் வரும்.